பாறையை விட்டுப் போகாத மீன்கள்

மீனவர்கள் அவளுக்கு வைத்த பெயர் களவாக்கா. பதினோரு வருடமாகக் களவா மீனையே பிடித்து, அளந்து, முதுகில் மஞ்சள் வில்லை குத்தி, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பக் கடலில் விடுகிற ஒருத்திக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவள் அறைக் கதவில் 'கடல்சார் உயிரினச் சூழலியல் ஆராய்ச்சியாளர்' என்று எழுதியிருந்தது. அதை ஒரே மூச்சில் படிக்க அவள் கணவராலேயே முடிந்ததில்லை. அவர் பல் டாக்டர். "இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவேன்" என்பார்.

அன்று காலை அவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. கைபேசி அடித்தது. மீனவர் சங்கத் தலைவி. அவள் பேசினால் கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்; அலையோடு போட்டி போட்டு வளர்ந்த குரல் அது. இன்றைக்கு அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வந்து பாருங்க."

"என்ன ஆச்சு?"

"வந்து பாருங்கன்னு சொல்றேன்ல."

இணைப்பு அறுந்தது.  என்ன ஆகியிருக்கும் என்று களவாக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காரை ஓட்டிப் போகும்போது, அதுவாக இருக்கக் கூடாது, அதுவாக இருக்கக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஐஸ் கட்டித் தொழிற்சாலை முனையில் திரும்புவதற்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது.

விரிகுடாவின் கரை முழுக்க மீன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அலை நுரைக்குப் பதில் வெள்ளை வயிறுகள். பொடி மீன், நண்டு, விலாங்கு என்று எல்லாம் இருந்தன. ஆனால் அவள் கண் தேடியது வேறு. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் அவை கிடந்தன. ஆள் தொடை கனத்துக்குப் பழுப்பு உடம்பும் புள்ளிகளுமாக, வாயை ஆவென்று பிளந்துகொண்டு. முதல் மீனைப் புரட்டினாள். முதுகில் மஞ்சள் வில்லை. அடுத்ததைப் புரட்டினாள். அதிலும் மஞ்சள் வில்லை. எல்லாம் அவள் கையால் குத்தியவை. எட்டு வருடத்துக்கு முன் உள்ளங்கை அளவு இருந்ததெல்லாம் இன்று இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவில் கிடந்தன.

பையிலிருந்த கருவியைத் தண்ணீரில் விட்டாள். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அளப்பது அது. முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. கருவியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி விட்டாள். கருவிமேல் ஒரு குறையும் இல்லை.

பல நாட்களாகக் காற்று அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. விரிகுடாத் தண்ணீர் குளம்போலத் தேங்கி, சூடேறி, நுண்பாசி பெருத்து, பச்சைச் சாயம் கொட்டியதுபோல ஆகியிருந்தது. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற மூச்சையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நீந்தத் தெம்புள்ள மீன் கூட்டங்கள் ஆழ்கடல் பக்கம் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். களவா ஓடாது. ஒரு பாறைப் பொந்தைப் பிடித்துவிட்டால் அதுதான் அதற்கு எல்லாமே. என்ன வந்தாலும் உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும். விரிகுடா நடுவில் இருக்கும் பாறைத் திட்டில் அவை ஒண்டியபடியே செத்து, பிறகு கரைக்கு ஒதுங்கியிருந்தன.

அந்தப் பாறையைச் சுற்றி ஆறு வருடமாக யாரும் வலை போடவில்லை. போடவிடாமல் செய்தது களவாக்கா.

சங்கக் கட்டடத்தில் அன்றைக்கு நடந்த கூட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "பாறையை மட்டும் விட்டுக் கொடுங்க. மீன் பெருகும். பெருகினதும் குஞ்சு தானா வெளியே வழியும். அதைப் பிடிச்சுக்கங்க. உங்க பிள்ளைங்களும் பிடிப்பாங்க" என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாள். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எழுந்து போகப் பார்த்தார்கள். அப்போதுதான் தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலை அடைத்தபடி உட்கார்ந்தாள். "இந்தப் பொம்பளை சொல்றதை முழுசாக் கேட்டுட்டு யார் வேணா போங்க" என்றாள். கடைசியில் ஊரே ஒப்புக்கொண்டது. தலைவியின் சொந்தத் தம்பி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றோடு அக்காளிடம் பேச்சை நிறுத்தினான். இன்றுவரை அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

களவாக்கா சொன்னதுபோல மீன் பெருகவும் செய்தது. அதுதான் இப்போது தாங்க முடியாமல் இருந்தது.

தலைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நாற்பது ஐம்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது களவாக்காவுக்கு.

"சாப்பிடலாமா இதை?" என்று தலைவி கேட்டாள்.

"வேண்டாம். பாசியில நஞ்சு இருக்கலாம். விக்கவும் கூடாது."

"அப்ப புதைக்கறதுதான்."

"ஆமா."

தலைவி ஒரு பெரிய களவாவைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினாள். "ஆறு வருஷம். வீட்டுல உலை வைக்க வழியில்லாத அன்னைக்கும் எங்க ஆளுங்க இந்தப் பாறையைச் சுத்திக்கிட்டுப் போனாங்க, தெரியுமா? அடியில மீன் இருக்குன்னு தெரிஞ்சே போனாங்க. பிடிச்சிருந்தா எங்க வயித்துக்காவது ஆகியிருக்கும்." குரல் உயரவே இல்லை. அவள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்தது மட்டும்தான் மாற்றம். "உன்னைக் களவாக்கான்னு கூப்பிட்டோம். களவாணின்னு கூப்பிட்டிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை.   வெயில், காற்று, பாசி என்று காரணம் சொல்லக் களவாக்காவுக்குத் தெரியும். அத்தனையும் உண்மை. அவர்கள் முகத்தைப் பார்த்து அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்குத் தொட்டி ஞாபகம் வந்தது.

ஆராய்ச்சி நிலையம் விரிகுடாவின் அடுத்த முனையில் இருந்தது. அங்கே பெரிய வட்டத் தொட்டியில் ஆறு களவா இருந்தன. ஐந்து பெண், ஒரு ஆண். குஞ்சு பொரிக்க வைப்பதற்காகப் பாறையிலிருந்து பிடித்து வளர்த்த தாய் மீன்கள். தொட்டிக்குத் தண்ணீர் இதே விரிகுடாவிலிருந்துதான் ஏறுகிறது. மோட்டார் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கும்.

சொல்லாமல் கொள்ளாமல் காரை நோக்கி ஓடினாள். பின்னால் யாரோ "ஓடறா பாரு" என்றது காதில் விழுந்தது.

நிலையத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. மோட்டாரை அணைத்து, வால்வைப் பிடித்து முறுக்கி மூடினாள். துரு உள்ளங்கையைக் கிழித்தது. தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆனால் உயிரோடு இருந்தன. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. கையிருப்பில் இருந்த வடிகட்டிய கடல்நீர் அரை நாளுக்குத்தான் காணும். மலைக்கு அந்தப் பக்கம், திறந்த கடலைப் பார்த்த ஊரில் இன்னொரு குஞ்சு பொரிப்பகம் இருந்தது. அங்கே தண்ணீர் சுத்தம். போய்ச் சேர அரை நாள் ஆகும்.

இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் தலைநகரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

"அனுமதி இல்லாம மீனை நிலையத்தை விட்டு வெளியே எடுக்க முடியாதும்மா. மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க, பார்க்கலாம்."

"எழுதிப் போடறேன் சார். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்லி மீன்கிட்டயும் சொல்லிடறேன்."

வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். "என்னங்க, கிளினிக்ல இருக்கற ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கங்க. கிராம்பு எண்ணெய் எத்தனை பாட்டில் இருக்கோ அத்தனையும் வேணும். உங்க தம்பியை லாரியோட வரச் சொல்லுங்க."

"யாருக்குப் பல் வலி?"

 அவள் மூச்சு மட்டும் கேட்டது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். அவருக்கு அது போதும். "வந்துட்டேன்" என்றார்.

கொழுந்தனுக்கு வீட்டுச் சாமான் இடம் மாற்றும் தொழில். நாலு பக்கமும் அடைத்த லாரி, உள்ளே கண்ணாடி உடையாமல் இருக்கப் போர்வைகள். வாய் ஓயாத மனிதன். இறங்கும்போதே ஆரம்பித்தான். "அண்ணி, இந்த வண்டியில பீரோ ஏத்தியிருக்கேன், பியானோ ஏத்தியிருக்கேன், ஒருதடவை மாமியாரையும் மருமகளையும் ஒண்ணா ஏத்தியிருக்கேன். உயிரோட மீன் ஏத்தினதில்லை." அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்றைக்கு அதற்கப்புறம் அவன் பேசியது கொஞ்சம்தான்.

மூன்று பெரிய பீப்பாய்களை லாரியில் ஏற்றிக் கையிருப்பிலிருந்த கடல்நீரை நிரப்பினார்கள். கிராம்பு எண்ணெயைத் துளித்துளியாகக் கலந்தாள் களவாக்கா. பல் டாக்டர் ஈறில் தடவுகிற அதே எண்ணெய் மீனையும் அரைத் தூக்கத்தில் ஆழ்த்தும். ஈரத் துணியில் சுற்றி ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். பீப்பாய்க்கு இரண்டு மீன். கடைசி மீனை இறக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தலைவி நின்றுகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. ஓடியவளைத் தேடிக் கரையோரமாக நடந்தே வந்திருக்கிறாள்.

பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம பாறை மீனா?"

"ஆமா."

"எங்க கொண்டு போற?"

சொன்னாள்.

"நானும் வரேன்."

"உள்ள உட்கார இடமில்ல தலைவி. வெயில், ஆட்டம்..."

"உன்னைக் கேட்கல. இது எங்க மீன்." தலைவி சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

அப்படித்தான் புறப்பட்டார்கள். முன்னால் அண்ணனும் தம்பியும். பின்னால் ஈரப் போர்வை போர்த்திய மூன்று பீப்பாய்களோடு இரண்டு பெண்கள். காற்று வருவதற்காகப் பின்கதவைத் திறந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள். காற்று வந்தது, அடுப்பிலிருந்து வருவதுபோல. சிலிண்டரிலிருந்து மூன்று குழாய்களைப் பிரித்து விட்டிருந்தாள் களவாக்கா. ஆனாலும் தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எப்படி என்று ஒருமுறை காட்டினாள். தலைவி கையை விட்டு அலைத்தாள்.

வழியில் ஐஸ் வாங்கி, பையோடு தண்ணீரில் மிதக்க விட்டார்கள். அது சர்க்கரைபோலக் கரைந்தது. களவாக்கா வெப்பமானியைப் பார்ப்பதும் செவுள் மூடி திறப்பதை எண்ணுவதுமாக இருந்தாள். ஆண் மீனின் செவுள் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது.

"ஒண்ணு கேட்கறேன்" என்றாள் தலைவி. "பொய் சொல்லாம சொல்லு. இது நடக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தண்ணீர் இருவர் மடியிலும் தளும்பியது.

"நடக்கலாம்னு தெரியும்."

"எப்ப?"

"போன வாரம். தண்ணி பச்சையானப்பவே. காத்து திரும்பிட்டா சரியாயிடும்னு நெனச்சேன். போன தடவையும் அப்படித்தான் சரியாச்சு."

"திரும்பலன்னா?"

களவாக்கா பீப்பாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னாள். "திரும்பலன்னா செத்துடும். அதுக்குள்ள போய்ப் பிடிச்சுக்கங்கன்னு உங்ககிட்ட சொல்லலாமான்னு ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டினேன். ஒருதடவை திறந்துவிட்டுட்டா, அப்புறம் அந்தப் பாறையை ஜென்மத்துக்கும் மூட முடியாது. அதனால சொல்லல. வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தலைவியின் கை தண்ணீருக்குள் நின்றது. களவாக்கா அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள்.

"கையை நிறுத்தினா இது செத்துடும்ல?" என்று தலைவி கேட்டாள்.

"ஆமா."

கை மறுபடி அலைய ஆரம்பித்தது. "நான் உன்னை மன்னிக்கல" என்றாள் தலைவி. "சும்மா இருக்க முடியலைன்னுதான் அலைக்கறேன்."

மலையடிவாரத்தில் பாலம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. கொழுந்தன் இறங்கி ஓடினான். தொழிலாளர்களிடம் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். பாலத்தில் பலகை போடாமல் யார்தான் என்ன செய்ய முடியும்? வியர்வையில் குளித்துத் திரும்பி வந்து, அண்ணியைப் பார்க்கத் தைரியமில்லாமல் சக்கரத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

ஆண் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

களவாக்கா இரண்டு கையாலும் அதை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் தள்ளினாள். "வேண்டாம்டா, வேண்டாம்டா" என்று பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினாள். கையை எடுத்தால் சாய்ந்தது. நிமிர்த்தினாள். சாய்ந்தது. அதன் கண் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். "ஊசி போடற சிரிஞ்ச் இருக்கா? ஊசி வேண்டாம், குழாய் மட்டும்."

பல் டாக்டர் பையோடு ஏறினார். மீனைப் போர்வைமேல் கிடத்தி, வயிற்றைத் துணியால் ஒற்றி, மெல்ல அழுத்தினாள். பால்போல வெள்ளையாக விந்து கசிந்தது. கொஞ்சம்தான். அதை அவர் சிரிஞ்சில் உறிஞ்சினார்.  சிரிஞ்சைத் தேநீர் ஃபிளாஸ்கில் ஐஸுக்கு நடுவில் வைத்தார்கள். மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டபோது அது அசையவில்லை.

ஒரு பெண் மீனுக்கு முந்தின நாள்தான் முட்டை முதிர மருந்து ஊசி போட்டிருந்தாள். சாயங்காலம் தொட்டியில் முட்டை விட வேண்டிய மீன். அது முட்டையோடு செத்துவிடக் கூடாது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. முதலில் இன்னொரு பெண் மீன் போனது; சத்தமில்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில். அப்புறம் அதே பீப்பாயில் அதோடு இருந்த இன்னொன்று. சிலிண்டர் முள் சிவப்புக்கோட்டுக்குள் இறங்கியபோது, ஊசி போட்ட மீனின் வயிற்றிலிருந்து ஜவ்வரிசிபோலத் தெளிவான மணிகள் தானாகவே வழிய ஆரம்பித்தன.

"இப்பவே எடுத்தாகணும்" என்றாள் களவாக்கா. "தலைவி, வாலைப் பிடிங்க. தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. நல்லாத் துடைங்க."

தலைவி தன் தலைத்துணியை அவிழ்த்து, மீனைக் குழந்தையைத் துவட்டுவதுபோலத் துவட்டினாள். பல் டாக்டர் கருவிகளைக் கொதிக்க வைக்கும் எவர்சில்வர் தட்டைக் கீழே பிடித்தார். களவாக்கா கட்டைவிரலால் வயிற்றை மேலிருந்து கீழாக நீவினாள். முட்டை நூல்நூலாக இறங்கித் தட்டில் குவிந்தது. ஃபிளாஸ்கிலிருந்து சிரிஞ்சை எடுத்து அதன்மேல் பீய்ச்சி, தன் கொண்டையில் செருகியிருந்த பேனாவின் பின்முனையால் கலக்கினாள். வேறெதுவும் கைக்கு அகப்படவில்லை. பிறகு கடல்நீர் ஊற்றினாள்.

நாலு தலை தட்டின்மேல் கவிழ்ந்தன. கொழுந்தனும் ஏறி வந்திருந்தான்.

"நல்ல முட்டை மிதக்கும்" என்றாள் களவாக்கா. "கெட்டது வெளுத்துப் போய்க் கீழே உட்கார்ந்துடும்."

பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டைகள் இறங்க ஆரம்பித்தன. வெள்ளை வெள்ளையாக இறங்கி, தட்டின் அடியில் சுண்ணாம்புபோலப் படிந்தன. இறங்கிக்கொண்டே இருந்தன. தலைவி வாயில் புறங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். களவாக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணி, இங்க பாருங்க. ஓரத்துல."

தட்டின் விளிம்பை ஒட்டி, மேலாக, கண்ணாடிப் பொடிபோலச் சன்னமாக ஒரு வளையம் மிதந்தது.

பாலத்தில் பலகை போட்டு முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மிதந்த முட்டைகளைத் தலைவி தண்ணீர்க் குடுவையில் ஊற்றி, ஆட்டம் தெரியாமல் இருக்கத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். முட்டை கொடுத்த தாய் மீன் மலைப்பாதையில் செத்தது. போய்ச் சேர்ந்தபோது பீப்பாய்களில் உயிரோடு இருந்தவை இரண்டு மீன்கள், இரண்டும் பெண்.

களவாக்கா அந்தப் பொரிப்பகத்திலேயே தங்கிவிட்டாள். அனுமதியில்லாமல் மீனை எடுத்ததற்காக இயக்குநர் விளக்கம் கேட்டிருந்தார். அவள் பதில் எழுதவில்லை. முட்டை மறுநாளே பொரிந்தது. கண் இமை முடியைவிடச் சிறிய குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். களவாக் குஞ்சு வளர்ப்பதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை. வாய் அத்தனை சின்னது, அதில் நுழையும் இரை கிடைப்பதே பாடு. வெளிச்சம் கூடினால் சாகும், குறைந்தால் பட்டினி கிடக்கும். மூன்றாம் நாளிலிருந்து சாக ஆரம்பித்தன. தினமும் காலையில் தொட்டி அடியிலிருந்து செத்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதே வேலையானது. கணவர் கூப்பிட்டு "சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லுவாள். பொய் என்று தெரிந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பாத்திரத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவார்.

தலைவி தினமும் கைபேசியில் கூப்பிட்டாள். ஒரே வார்த்தைதான் பேசுவாள்.

"இருக்கா?"

"இருக்கு."

வைத்துவிடுவாள். பிறகு ஒருநாள் அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. களவாக்கா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கைபேசியைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தொட்டியில் ஒரு பிடிக்கும் குறைவாகத்தான் குஞ்சு மீதி இருந்தது. அவளுக்கு யாரிடமாவது "இருக்கு" என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. கேட்க ஆளில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தலைவி நேரில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இளைத்திருந்தாள்.

"சங்கத்துல ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க" என்றாள். "என்னையும் தலைவி பதவியிலேருந்து தூக்கிட்டாங்க. பாறைக்குப் போய் வலை போட்டாங்க. ஒண்ணும் இல்ல. வெறும் வலை. அதுக்கும் என்னைத்தான் திட்டறாங்க." பையைக் கீழே வைத்தாள். "இந்த ஊருல மீன் பதப்படுத்தற கம்பெனியில வேலைக்குச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு வரச் சொன்னாங்க."

"உங்க படகு?"

"அதை விடு. குஞ்சு எங்க?"

தொட்டியைக் காட்டினாள் களவாக்கா. விரல் நீளத்தில், புள்ளி விழ ஆரம்பித்த களவாக் குட்டிகள். ஐம்பதுக்கும் குறைவு. தலைவியின் முகத்தில் நம்பிக்கைபோல ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.  இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டிருக்கக் களவாக்காவால் ஆகாது.

"தலைவி, உங்ககிட்ட மறைக்க விரும்பல. இதுங்க எல்லாம் ஒரே தாய், ஒரே தகப்பன் பிள்ளைங்க. இதை மட்டும் வெச்சுக்கிட்டு பாறையை நிரப்ப முடியாது. ரெண்டு தலைமுறையில நோஞ்சானாப் போயிடும். பெரிய மீனு ரெண்டும் பெண்ணு. களவாவுல பெண்ணு சில சமயம் ஆணா மாறும். இது மாறுமா, எப்ப மாறும்னு என்னால சொல்ல முடியாது. தண்ணி அந்த மாதிரி மறுபடி கெடாதுன்னும் சொல்ல முடியாது. கெடும்னுதான் தோணுது."

"அப்ப எதுக்கு இதை வளர்க்கற?"

களவாக்கா யோசித்தாள். கூட்டத்தில் கரும்பலகை முன்னால் நின்று சொல்லத் தெரிந்த எதுவும் இப்போது வாயில் வரவில்லை. "செத்துப் போகலையே" என்றாள்.

 தலைவி தொட்டியோரம் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் விரலை நீட்டினாள். "அந்தப் பெருசு பக்கத்துல இருக்கறதை முழுங்கப் பார்க்குது."

"ஆமா. ஒண்ணை ஒண்ணு தின்னுடும். தினமும் பெருசு, சிறுசுன்னு பிரிச்சுப் போடணும்."

"யாரு பிரிக்கறா?"

"நான்தான்."

"ஒத்தை ஆளா?"

 தலைவி பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சின்ன வலையை எடுத்தாள். "பெருசை எந்தத் தொட்டியில போடணும்?" என்று கேட்டாள்.

இருவரும் குனிந்து பிரிக்க ஆரம்பித்தார்கள்.  வலைக்குள் ஒன்று செத்துக் கிடந்தது. தலைவி அதை எடுத்து உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, ஓரத்தில் இருந்த வாளியில் போட்டாள். பிறகு அடுத்ததைப் பிடிக்கக் கையை விட்டாள்.